நல்லசிவத்துக்கு அஞ்சலி, மூன்று மணிக்கு

தவறு நல்லசிவத்துடையதுதான். வானொலியில் பதினெட்டு வருடமாக உயிரைக் கொடுத்து நடத்திய காலை மிருதங்க நிகழ்ச்சிக்குப் பதிலாக, தலைவர்கள் இறந்தால் ஒலிபரப்பும் சோக வயலினைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இறந்தது யார் என்று நிலையத்தின் செய்தி இயந்திரம் தேடியது. அன்று இருக்கையில் இல்லாத ஒரே ஆள் அவர். அதை நம்பி, இசைப் பணியாளர் சங்கத்தின் செய்திமடலிலும் அவர் காலமாகிவிட்டார்.

இப்போது திருச்சியில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். தன் படத்துக்கு விழுந்த மாலையைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்தார். உயிரோடிருந்தவரை ஒரு சால்வைகூட விழுந்ததில்லை. திருத்தச் சொல்லி மனு கொடுத்தால், "வாரிசு கையெழுத்து வேணும் சார்" என்றார்கள். சக ஊழியர்களோ அவரைக் கண்டதும், கச்சேரியில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகிறவர்களைப் போலக் காபிக்கு நழுவினார்கள்.

செய்திமடல் ஆசிரியை பரிமளாவை மாடிப்படியில் மறித்தார். "ஏம்மா, நான் இருக்கேன்னு ஒரு வரி போட என்ன கஷ்டம்?"

"உங்க நிகழ்ச்சிய பதினேழு பேர் கேட்டாங்க சார். நிறுத்தறதா முடிவாயிருந்தது. நீங்க செத்ததுலேர்ந்து பழைய பதிவுகள மூணு லட்சம் பேர் கேக்கறாங்க. நீங்க திரும்பி வந்தா நிகழ்ச்சி போயிடும். மூணு மணிக்கு உங்க அஞ்சலில ரெண்டு நிமிஷம் மௌனம் இருக்கு. அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க."