எடை மெஷின் சொன்ன நல்ல சேதி

ஒரு சுகாதார நிலையத்தில் எடை மெஷினும் பிரஷர் மெஷினும் அருகருகே இருந்தன. எட்டு மாதக் கர்ப்பிணியான அஞ்சலை, கால்கள் வீங்கிப்போய், மாமியாரோடு வந்தாள்.

முதலில் எடை பார்த்தார்கள். "ஒரே வாரத்துல மூணு கிலோ கூடியிருக்கு! பிள்ளை நல்லா வளருது," என்று மாமியார் பூரித்தாள்.

பிரஷர் மெஷின் நூற்றறுபதுக்கு நூற்றுப்பத்து காட்டியது. சிஸ்டர் அவளை உட்காரவைத்து மறுபடி பார்த்தார். குறையவில்லை.

"தலைவலி இருக்காம்மா?"

"இருக்குங்க. கண்ணும் மங்கலாத் தெரியுது."

"இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"வெயில்ல நடந்து வந்தா அப்படித்தான் காட்டும். நாளைக்கு வளைகாப்பு, முடிச்சிட்டுப் போறோம்," என்றாள் மாமியார்.

சிஸ்டர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள் இருவரும் போய்விட்டிருந்தார்கள்.

"நான் சந்தோஷப்படுத்தினேன். நீ ஏன் பயமுறுத்தினே?" என்று எடை மெஷின் கேட்டது.

"நீ காட்டினது பிள்ளையோட எடை இல்ல. அவ உடம்புல கோத்துக்கிட்ட நீர்."



ஒரு மாதம் கழித்து அஞ்சலை தனியாக வந்தாள். வயிறு ஒட்டியிருந்தது. கையில் குழந்தை இல்லை. சிஸ்டர் பிரஷர் பார்த்தார்.

"இப்ப நார்மலா இருக்கும்மா."

அஞ்சலை மெஷினையே பார்த்தாள். "அன்னைக்கு நீ சொன்னதை நான் கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.

சிஸ்டர் பட்டையைக் கழற்றினார். ஆனால் அஞ்சலையின் கையை விடவில்லை.