இரண்டு லேப் ரிப்போர்ட்

பனியன் கம்பெனி முதலாளி லிங்கசாமி இரண்டு ரிப்போர்ட்டுகளையும் டாக்டர் மோனிஷாவின் மேஜையில் விரித்தார். மாத்திரைக்கு அடங்காத பிரஷருக்கு ஹார்மோன்தான் காரணமோ என்று டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்ட் அது. லிங்கசாமிக்கு உள்ளூர ஒரே குஷி.

“பாருங்க டாக்டர், ஒரே காலைல எடுத்த ஒரே ஆள் ரத்தம். ஒரு லேப்புல முப்பதுங்கறான், இன்னொண்ணுல எண்ணூத்தி முப்பத்திரண்டுங்கறான். எங்க துணி டெஸ்ட்டுலகூட இத்தனை வித்தியாசம் வராதுங்க. இதையெல்லாம் நம்பலாமுங்களா? டெஸ்ட்டே வேண்டாம், விட்டுருங்க.”

டாக்டர் செல்போனில் ஒரு பெருக்கல் போட்டுப் பார்த்துச் சிரித்தார்.

“ஒரே பனியனை ஒருத்தர் இஞ்ச்சுல அளந்தா ஒரு நம்பர், சென்டிமீட்டர்ல அளந்தா வேற நம்பர். யூனிட்தானுங்க வேற, அளவு ஒண்ணேதான். ஹார்மோன் ரொம்ப அதிகமா இருக்குது. கவலைப்படாதீங்க, வைத்தியம் இருக்குதுங்க.”

லிங்கசாமியின் முகம் தொங்கிப்போனது. விருட்டென்று வெளியே போனவர், கார் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் சோணைமுத்துவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

“அந்த வைத்தியத்தை இவனுக்குப் பாருங்க. எனக்கு ஊசின்னா சின்ன வயசுல இருந்தே பயமுங்க. ரெண்டு லேப்புக்கும் என் பேர்ல இவனைத்தான் அனுப்பிச்சனுங்க.”

டாக்டர் சோணைமுத்துவின் பிரஷரைப் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, லிங்கசாமி பக்கம் திரும்பிப் புது சிரிஞ்சின் உறையைக் கிழித்தார்.

சோணைமுத்து முதலாளியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“கண்ண மூடிக்கங்க மொதலாளி. எறும்பு கடிச்ச மாதிரிதேன் இருக்கும். ரெண்டு தடவ குடுத்தவன் சொல்றேன்ல.”