பேசிக்கொண்டே நடக்கிற வேகம்

சங்கரன்கோவில் ரயில் நிலைய நடைமேடையில் விடிகாலை வெளிச்சம் இன்னும் சாம்பல் நிறமாகவே கிடக்கிறது. நிமோனியாவோடு இருபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பிய மூக்காண்டி, மனைவி முப்பிடாதியுடன் முதல்முறையாக நடக்க வந்திருக்கிறார். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும், பேச்சு தடைப்பட்டால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும் என்பது டாக்டர் சொன்னது. முப்பது வருஷமாக விசைத்தறிச் சத்தத்துக்குள் கையசைத்தே பேசிப் பழகியவர்கள் இருவரும். “ஏதாவது பேசிக்கிட்டே வாங்க” என்கிறாள் முப்பிடாதி. “என்னத்தட்டி பேச?” என்கிறார். அவருடைய செருப்பு தரையில் மெல்ல உரசுகிறது. வேப்பமரத்தில் காகங்கள் விழித்துக்கொள்கின்றன. தண்ணீர்க் குழாயைத் தாண்டியதும் அவரே ஆரம்பிக்கிறார். “மூக்குல ஆக்சிஜன் மாட்டுனாவல்லா, அன்னைக்கு நீ கண்ணாடிக்கு அங்கன நின்ன. ஒன்னக் கூப்பிடணும்னு நெனச்சேன். சத்தம் வரல. இனி ஒங்கிட்ட ஒரு வார்த்த பேசாமலே போயிருவேனோன்னு…”

பேச்சு நின்றுவிடுகிறது. முப்பிடாதி பதறிப்போய் அவரைச் சிமெண்டு பெஞ்சில் உட்காரவைத்து, மார்பில் உள்ளங்கையைப் பதிக்கிறாள். “மூச்சு வாங்குதா?” மார்பு சீராகத்தான் ஏறி இறங்குகிறது. அவர் இல்லையென்று தலையசைக்கிறார். கண்கள் நிறைந்திருக்கின்றன. கையை எடுக்காமலே அவளும் பக்கத்தில் உட்காருகிறாள்.