பவர்டேபிள் டைலர் தேவை

கட்டை தோளில் இறங்கியபோது அந்த ஆள் கத்தவில்லை.

தொண்டையிலிருந்து காற்று மாதிரி ஏதோ வந்தது. அவ்வளவுதான்.

அது கட்டை பிடித்திருந்தவனுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பனியன் கம்பெனி ஹாஸ்டல்களிலிருந்து வடக்கத்தி ஆட்கள் சந்தைக்கு வரும் நேரம். சந்தை ரோட்டுத் திருப்பத்தில் பதினோரு பேர் வழிமறித்து நின்றார்கள். எல்லோரும் வேலை போனவர்கள். வெளிநாட்டு ஆர்டர் நின்று ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அவன் பதினான்கு வருடம் பவர்டேபிள் மெஷினில் தைத்தவன். கம்பெனி இரண்டு ஷிப்டை ஒன்றாக்கியபோது உள்ளூர்க்காரர்களைத்தான் முதலில் நிறுத்தினார்கள். ஹாஸ்டல்காரர்களை வைத்துக்கொண்டார்கள். அவர்கள் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்வார்கள். கூலியைக் குறைத்தாலும் வாங்கிக்கொள்வார்கள்.

முதலாளியை அவன் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான். கார் கண்ணாடிக்குப் பின்னால்.

இவர்களைத் தினமும் பார்த்தான்.

பதினோரு பேரில் மூத்தவரான மயில்சாமிதான் ஒவ்வொருவரையும் நிறுத்திப் பெயர் கேட்டார். தமிழில் பதில் வந்தால் விட்டுவிடுவது என்று பேச்சு. முதலில் வந்த நான்கு பேர் அறை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். அடுத்து இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். ஒருவருக்கு நாற்பது வயதிருக்கும். மற்றவனுக்கு இருபத்தைந்து. கையில் காய்கறிப் பை.

பெரியவரிடம் பெயர் கேட்டார்கள். அவர் மயில்சாமியைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

மயில்சாமி அறைந்தார். கீழே விழுந்தவரை ஆளுக்கொரு பக்கம் உதைத்தார்கள். அவன் சவுக்குக் கட்டையால் தோளில் போட்டான். இரண்டாவது அடியைத் தடுக்க அந்த ஆள் கையைத் தூக்கினார். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது. முறிந்தது கட்டை வழியாக அவன் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

மற்றவனை இரண்டு பேர் பிடித்து வைத்திருந்தார்கள். உதறிக்கொண்டு ஓடிவந்தான். பெரியவர் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டான்.

"அண்ணா, இவருக்குக் காது கேக்காது. பேச்சும் வராது. இவரு உங்க ஊருதான் அண்ணா. நான்தான் ஒடிசா."

திருத்தமான தமிழ்.

யாரும் அசையவில்லை.

மயில்சாமி குனிந்து பெரியவரின் சட்டைப்பையிலிருந்த கம்பெனி அட்டையை எடுத்துப் படித்தார். சென்னியப்பன். அதில் போட்டிருந்தது மயில்சாமியின் மாமியார் ஊர்.

போகலாம் என்று ஒருவன் மெதுவாகச் சொன்னான். போயிருக்கலாம்.

அவனுக்கு முகம் எரிந்தது. கட்டை இன்னும் கையில் இருந்தது. இத்தனை பேர் முன்னால் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒடிசாக்காரனின் சட்டையைப் பிடித்து இழுத்துத் திருப்பினான். முகத்தில் அடித்தான்.

அப்புறம் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரம் முன்பு செய்ததை மறக்க வேண்டும் என்பது போல அடித்தார்கள்.

அடி வாங்கியவன் முதலில் அண்ணா, அண்ணா என்றான். பிறகு அவன் பாஷையில் ஏதோ சொன்னான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

சென்னியப்பன் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தார். வாய் திறந்து திறந்து மூடியது.

மறுநாள் போலீஸ் மயில்சாமியையும் இன்னொருவனையும் கூட்டிப்போனது. மயில்சாமி யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. சென்னியப்பனிடம் எப்படிக் கேட்பதென்று யாருக்கும் தெரியவில்லை.

அவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. காய்ச்சலா என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றான்.

அந்த வாரம் வடக்கத்தி ஆட்கள் கூட்டம் கூட்டமாக ரயில் ஏறினார்கள். கம்பெனி வாசல்களில் அட்டைகள் தொங்கின. பவர்டேபிள் டைலர் தேவை.

மூன்றாவது வாரம் ஒரு கம்பெனியில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் என்றாள் சூப்பர்வைசர் கோகிலவாணி. கூலி, ஹாஸ்டல்காரர்களுக்குக் கொடுத்ததுதான் என்றாள்.

தலையாட்டினான்.

ஜன்னலோரம் காலியாக இருந்த மெஷினைக் காட்டினாள்.

"இதுல சுதாம்னு ஒரு ஒடிசாப் பையன் இருந்தானுங்கண்ணா. சந்தைக்குப் போறப்ப அடிச்சுப் போட்டுட்டாங்க. ஒரு கண்ணு போயிருச்சு. அவங்கண்ணன் வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு." பிசிர் வெட்டும் மேஜைப் பக்கம் தலையை அசைத்தாள். "அவருக்குத்தான் இதைச் சொல்லிப் புரிய வைக்க முடியல. கையிலயே பேசறதுக்கு சுதாம் ஒருத்தன்தான் பழகியிருந்தான்."

அவள் போய்விட்டாள்.

மேஜையில் சென்னியப்பன் இருந்தார். வலது கை மாவுக்கட்டில். இடது கையால் நூல் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தார். அவனைப் பார்த்தார். கத்தரியை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

அவன் ஓடவில்லை.

சென்னியப்பன் மெஷினை இரண்டு தடவை தட்டினார். ஒரு கையை விரித்தார்.

சுதாம் எங்கே?

அவன் சுற்றிலும் பார்த்தான். வலது கையைத் தூக்கி, ஓங்கிக் காட்டினான். பிறகு அந்தக் கையாலேயே தன் நெஞ்சைத் தொட்டான்.

சென்னியப்பன் தலையை ஆட்டினார். அது தெரியும் என்பது போல.

மறுபடியும் மெஷினைத் தட்டினார். கையை விரித்துக்கொண்டு நின்றார்.