அடக்கமான மாப்பிள்ளை

பெண் பார்க்க வந்த நிலவன், உட்கார்ந்ததிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. கூடத்தில் அத்தனை பேர் இருந்தும் அவன் பார்வை மடியை விட்டு நகரவில்லை.

பெண்ணைப் பெற்ற செங்கோடன் உருகிப்போனார். "பெங்களூரு கம்பெனி வேலைங்கிறீங்க, அந்த மெதப்பே இல்லீங்களே! இந்தக் காலத்துல இப்படியொரு பையனா!"

"எம் பையன் எப்பவுமே இப்படித்தானுங்க," என்றாள் மயிலம்மாள், பெற்ற பெருமையோடு. "ஊட்ல இருந்தேதான் வேலை. கட்டில்ல உக்காந்து லேப்டாப்ப மடியில வெச்சான்னா, பொழுதுக்கும் குனிஞ்ச தலைதான். சோத்துக்குக் கூப்புட்டாக்கூட நிமிர மாட்டான்."

கயல்விழி காபித் தட்டோடு வந்தாள். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி ஆபீசில் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கிறவள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வரச்சொல்லி அப்பா கெஞ்சியும் கேட்கவில்லை. நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாரையும் நேராகப் பார்த்தாள்.

"காபி எடுத்துக்குங்க மாப்ள," என்றார் பக்கத்திலிருந்த செங்கோடன். நிலவன் தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்பி டம்ளரை வாங்கினான். என்ன மரியாதை, சாமி!

மயிலம்மாள் முகம் சுளித்தாள். "ஏனுங்க, புள்ள என்ன ஹெட்மாஸ்டராட்ட உக்காந்திருக்குது? கண்ணாடி வேற!"

"நேரா உக்காந்தாத்தானுங்க அத்தை முதுகு வலிக்காது," என்றாள் கயல்விழி. "கண்ணாடி இல்லீன்னா கழுத்த நீட்டி நீட்டிப் பாக்கோணும்."

"பாத்தீங்களா வாய! பொட்டப்புள்ள கம்ப்யூட்டரு முன்னால உக்காந்தா இப்படித்தான், பணிவே போயிருது. வேலையை உடச்சொல்லுங்க, கண்ணாடியைக் கழட்டச்சொல்லுங்க. இன்னைக்கே உப்புச்சக்கரை மாத்தி உறுதி பண்ணிக்கலாம்."

கயல்விழி திடுக்கிட்டு அப்பாவைப் பார்த்தாள். அந்த வேலைக்காக அவள் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

"உட்டுருவாளுங்க, நாளைக்கே உட்டுருவா," என்றார் அவர், அவளைக் கேட்காமலே. "மாப்ளையப் பாத்தாச்சும் அடக்கத்தக் கத்துக்க கண்ணு!"

மயிலம்மாள் மலர்ந்தாள். உப்பும் சர்க்கரையும் வாங்க ஆளை அனுப்பினார்கள்.

பேச்சுக்காவது கேட்க வேண்டுமே என்று செங்கோடன் மாப்பிள்ளை பக்கம் குனிந்தார். "மாப்ளைக்குப் புள்ளையப் புடிச்சிருக்குதுங்களா?"

நிலவன் மடியைப் பார்த்தபடியே முனகினான்:

"அம்மா, கழுத்து புடிச்சுக்கிச்சு... கொஞ்சம் நிமித்தி உடு, புள்ளைய இன்னும் பாக்கவே இல்ல."