தோள் வரைக்கும் வருவாள்

"உயரம் எவ்வளவுன்னு சொன்னாத்தானே வண்டியை எடுத்துக் காட்ட முடியும்?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

கணவன் தன் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினான். "இதோ, இதுவரைக்கும் வருவா அண்ணே."

"சும்மா இருங்க. என் தோள் வரைக்கும் வருவா," என்றாள் மனைவி.

"அது செருப்பு போட்டுக்கிட்டு நின்னப்போ."

"வெறுங்காலோடதான் நின்னா. நான் பார்த்தேனே."

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தையல் வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்த அவள் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கும்மா! ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறீங்க, சொந்தப் பொண்ணு அளவு தெரியலையா?"

அவள் நாடாவைச் சட்டென்று உருவிக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"வயசு பதினொண்ணு," என்றான் கணவன்.

"அந்த வயசுல ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி வளரும். நாலரை அடிக்குக் கீழன்னா பதினெட்டு இஞ்ச் சக்கரம், மேலன்னா இருபது. கையோட கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"வெளியூர்ல இருக்கா. விடுதியில."

"ஓ," என்றார் கடைக்காரர். அந்த 'ஓ'வில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

கண்ணாடி ஓரம், மேட்டில் ஏறிக் குதித்து ஓட்டுகிற புது பி.எம்.எக்ஸ் வண்டி ஒன்று நின்றது. மனைவி அதன் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, யாரும் பார்க்கக்கூடாது என்பதுபோல, மறுபடி கவிழ்த்து வைத்தாள்.

"இதுல பாதிதான் தேறும் அண்ணே," என்றான் கணவன். "கட்டில், மேசை, துணி அலமாரின்னு இந்த மாசம் செலவுக்கு மேல செலவு."

"புது வீடா?"

"வீடு பழசுதான்."

"உங்க காசுக்குக் கியர் வச்ச வண்டி புதுசாவே வருமே. பளபளன்னு இருக்கும்."

கணவன் ஆர்வமாக அந்தப் பக்கம் திரும்பினான். மனைவி தலையை ஆட்டினாள். "வேண்டாம். இந்தக் குதிக்கிற வண்டிதான் வேணும்."

"பொண்ணு கேட்டாளா?"

"அவ எதுவுமே கேட்கலை. நாங்க பேசப் பேச ஜன்னல் வழியா வெளியிலயே பார்த்துக்கிட்டு இருந்தா. எதிர் மைதானத்துல பிள்ளைங்க இந்த மாதிரி வண்டியில மண்மேட்டு மேல ஏறிக் குதிச்சுக்கிட்டு இருந்தாங்க. அதுல ஒரு பொண்ணு அந்தரத்துல பறந்தப்போ மட்டும் சிரிச்சா." அவள் குரல் இறங்கியது. "என்னைப் பார்த்துச் சிரிக்கலை. ஆனா சிரிச்சா."

கடைக்காரர் உள்ளே போய், பழைய வண்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். சாயம் உரிந்திருந்தது. இருக்கை கிழிந்து பஞ்சு எட்டிப் பார்த்தது.

"ஒருத்தர் ஓட்டிட்டுக் கொடுத்தது. பார்க்கத்தான் பரதேசி மாதிரி இருக்கு. வெல்டிங் பத்தவச்ச இடம் ஒண்ணுல கூட விரிசல் இல்லை, சக்கரம் ஆட்டம் இல்லை. மலிவா வர்ற புது வண்டி முதல் குதியிலயே வளைஞ்சிடும். இது வளையாது. ஆனா இருபது இஞ்ச். பொண்ணு குள்ளமா இருந்தா எட்டாது."

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நின்றாள். நாடாவின் ஒரு முனையைக் கால் விரலால் தரையோடு அழுத்தி, மறுமுனையைத் தன் தோளுக்கு இழுத்தாள்.

"என்ன இருக்குன்னு பாருங்க."

கணவன் அவள் தோள் பக்கம் எட்டிப் பார்த்தான். "நாலு அடி ஏழு இஞ்ச்."

"அப்போ இது அவளுக்குச் சரியா இருக்கும்." அவள் குரலில் சந்தேகமே இல்லை. "என் தோள்ல தலையைச் சாய்ச்சா அண்ணே. ஒரு நிமிஷம்தான். ஆனா எனக்குத் தெரியும்."

அவள் இருக்கையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு வண்டியைக் கடைக்குள் நாலடி தள்ளிப் பார்த்தாள். மேலே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல மெதுவாகத் தள்ளினாள்.

"சீட்டை நான் தைச்சுக்கிறேன். அதுக்கு விலையில குறைச்சுக்கோங்க."

"சரி, குறைச்சுக்கிறேன். சாயம் அடிச்சுத் தர்றேன், அதுக்குக் காசு வேண்டாம். என்ன நிறம் பிடிக்கும் பொண்ணுக்கு?"

"நீலம்," என்றான் கணவன்.

"அது அவ போட்டிருந்த சீருடைங்க. பிடிச்சுப் போட்டாளோ, போடச் சொன்னாங்களோ, யாருக்குத் தெரியும்?"

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த துணியை மேசைமேல் போட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு. உயரம் தெரியலை, பிடிச்ச நிறம் தெரியலை, சைக்கிள் ஓட்டத் தெரியுமான்னு கேட்டா அதுவும் தெரியாதும்பீங்க. பதினொரு வருஷமா என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க ரெண்டு பேரும்?"

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். மனைவி மட்டும் அவரை நேராகப் பார்த்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

"காத்துக்கிட்டு இருந்தோம் அண்ணே," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் ஏனோ குரல் தணிந்தது. "சரி விடுங்க. சாயம் காய ரெண்டு நாள் ஆகும். பரவாயில்லையா?"

"சாயம் வேண்டாம். நிறத்தை அவளே வந்து சொல்லட்டும். வண்டி இன்னைக்கே வீட்டுக்கு வரணும்."

"ஏன், பொறந்தநாளா?"

கணவன் நிமிர்ந்தான். கடைக்குள் வந்ததிலிருந்து அவன் அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தான்.

"ஆமா அண்ணே. நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் காப்பகத்துல கையெழுத்துப் போடுறோம். பதினொரு வயசுப் பொண்ணு, நாளைக்குத்தான் எங்களுக்குப் பொறக்கப் போறா."