யாழ்ப்பாணப் பஸ்ஸில் வந்தவர்

"இறுப்பிட்டிக் கணநாதன்ர மகள் துஷானியைத் தெரியுமோ அண்ணை?"

யாழ்ப்பாணப் பஸ்ஸில் வந்திறங்கி, குறிகட்டுவான் இறங்குதுறைத் தேத்தண்ணிக் கடையில் இப்படிக் கேட்டவருக்கு, மரவாங்கில் தன் பக்கத்தில் இருப்பதே கணநாதன்தான் என்று தெரியாது. நயினாதீவுப் படகுக்குக் காத்திருந்த கணநாதன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஆளைப் பார்த்தார்.

ஒட்ட வெட்டிய தலை. மினுக்கிய சப்பாத்து. சட்டைப் பையில் சின்னக் குறிப்புக் கொப்பி. புலனாய்வுக்காரனேதான், வேறு யார்!

போன மாதம், இராணுவம் பிடித்த காணிகளை விடச்சொல்லி நடந்த ஆர்ப்பாட்டத்தில் துஷானி பதாகையோடு முன்னுக்கு நின்ற படம் பேப்பரில் வந்தது. கூட நின்ற பிரேமினியின் வீட்டுக்கு மறுகிழமையே இப்படி ஒருவன் வந்து விசாரித்துவிட்டுப் போனான். செவ்வாய் தோசம் என்று முப்பத்திரண்டு வயது வரை வீட்டில் நிற்கிற பிள்ளைக்கு இந்தக் கரைச்சலும் வேண்டுமா?

"கேள்விப்பட்டிருக்கிறன். ஏன் கேக்கிறியள்?"

"சும்மாதான்" என்று அவர் சிரித்தார்.

சும்மா கேட்பதற்கு யாராவது யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வருவானா? சிரிப்பைப் பார், வாயைக் கிளறுகிற சிரிப்பு! அவர் சிரிக்காமல் இருந்திருந்தாலும் கணநாதன் அதைத்தான் நினைத்திருப்பார், அது வேறு கதை.

"பிள்ளை ஆள் எப்பிடி? ஆரோடை பழக்கம்?"

"தெரியாது."

"தமையன் வெளிநாட்டிலயாம். எந்த நாடு?"

"அதுவும் தெரியாது."

"தாய் எந்த ஊர்?"

அட பாவி, தாயையும் விடமாட்டான் போலிருக்கிறதே! இனி இவன் நேரே வீட்டுக்குத்தான் போவான். அங்கே பிள்ளை தனியே நிற்கிறாள். என்ன பொய்யைச் சொல்லியாவது ஆளை இங்கேயே திருப்பி அனுப்ப வேண்டும்.

"அந்தப் பிள்ளை இப்ப இஞ்ச இல்லை" என்றார். "கலியாணம் முடிச்சு லண்டனுக்குப் போட்டுது. கலியாணவீட்டில நானே போய்ச் சாப்பிட்டிட்டு வந்தனான்."

"உண்மையாவோ?"

"அம்மாளாணை!"

வந்தவருடைய முகம் விழுந்துபோயிற்று. கொப்பியை எடுத்துப் பேனையால் எதையோ வெட்டினார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் இரண்டு தேத்தண்ணிக்கும் அவரே காசு கொடுத்தார். பிறகு, வந்த பஸ்ஸிலேயே திரும்ப ஏறிக்கொண்டார்.

கணநாதனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிள்ளையைக் காப்பாற்றியாயிற்று. எதற்கும் ஆளை நன்றாக அடையாளம் வைத்துக்கொள்வோம் என்று பஸ்ஸடிக்குப் போனார்.

பஸ் நகரத் தொடங்கியிருந்தது. யன்னலோரம் அவர் போனில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கட பெடியனுக்குக் குடுத்து வைக்கேல்லையப்பா, அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் முடிஞ்சுதாம்!"